மெல்ல மிதித்தல்

எண்பத்தேழு வீதம். காரின் திரை மூலையில் அந்த எண் பச்சையாக நிற்கிறது. பற்றறியில் எவ்வளவு மிச்சம் என்று கார் சொல்கிறது. பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் மனிதருக்குள் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல ஒரு திரையும் இல்லை. கடைசியாக அவருடைய இரத்தத்தைச் சுத்திகரித்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை போயிருக்க வேண்டும், போகவில்லை, மலைவழி ஞாயிறு பின்னேரமே மூடிவிட்டது, இன்றைக்குப் புதன், ஐந்து நாள். ஐந்து நாளாக அவருடைய சிறுநீரகங்கள் விட்ட வேலையை ஒரு மெஷினும் எடுத்துச் செய்யவில்லை, குடித்த தண்ணீரெல்லாம் உள்ளேயே நிற்கிறது, கணுக்காலில், கண்ணுக்குக் கீழே, நெஞ்சுக்குள். மூன்று இரவாகப் படுக்க முடியாமல் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே தூங்குகிறார். வழக்கமாக ஆஸ்பத்திரி ரக்சி வந்து கூட்டிக்கொண்டு போகும், அந்த ரக்சி மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரின் ஒரேயொரு அம்புலன்ஸ் ஞாயிறு காலையில் ஒரு பிள்ளைப்பேற்றுக்காரியை ஏற்றிப் போய் அதுவும் அந்தப் பக்கம். இந்தக் காற்றில் ஹெலிகொப்டர் எழும்பாது என்று தொலைபேசியில் டொக்டர் சொன்னார், அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கார்ச்சாவியை எடுத்தேன். சாவி என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது ஒரு அட்டை.

முன்னால் தடுப்புக்கம்பம் றோட்டுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கிடக்கிறது. நோர்வேயின் இந்த வடக்கு மூலையில் காற்று முற்றினால் மலைவழியை எல்லாருக்கும் திறந்துவிட மாட்டார்கள். பனி வழிக்கும் பெரிய வாகனம் முன்னால் போக, அதற்குப் பின்னால் பதினைந்து இருபது வண்டிகளை வரிசையாக விடுவார்கள், முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைக் கண்ணை விட்டு விலக விடக்கூடாது, நிற்கக்கூடாது, திரும்பக்கூடாது, இறங்கக்கூடாது. முப்பது கிலோமீற்றர். முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இருபத்திரண்டு வருடம் இங்கத்தைய மீன் தொழிற்சாலையில் கொட் மீனின் முள்ளெடுத்தேன், இந்த வரிசையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், எல்லா முறையும் வலப்பக்கத்து இருக்கையில், மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு. காரை ஓடியது அவர், என் கணவர். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி செம்மஞ்சள் உடுப்போடு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறாள், சரியில்லாத வண்டியைத் திருப்பி அனுப்ப அவளுக்கு அதிகாரம் உண்டு. கண்ணாடியை இறக்கினேன். காற்று உள்ளே வந்து என் காதைக் கடித்தது. எத்தனை வீதம், பனி வாரச் சவள் இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா. எண்பத்தேழு, இருக்கிறது, இருக்கிறது. "மின்சாரக் காரில் சூட்டைக் கூட்டி வைத்தால் மேலே போவதற்குள் பற்றறி இறங்கிவிடும்," என்றாள். தெரியும், இருக்கைச் சூடு மட்டும்தான் போட்டிருக்கிறேன் என்றேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து நோர்வேஜிய மொழியில் மிக மரியாதையாக, "எனக்குக் குளிர்கிறது, இவ விடமாட்டா," என்றார். அவள் சிரித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

"என்னப்பா, ஆரின்ரை மானம் போகுது?" என்றேன். "நான் உண்மையைத்தான்... சொன்னனான்," என்றார். நடுவில் ஒரு மூச்சு. அவர் பேசுவது இப்போது அப்படித்தான், இரண்டு சீர், ஒரு மூச்சு, இரண்டு சீர், ஒரு மூச்சு. பல்கலைக்கழகத்தில் யாப்புப் படித்தவளுக்குக் காது அதை விட்டு வைக்காது, வேண்டாம் என்றாலும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு சீர் வந்தது. நேற்று மூன்று. எங்கள் பழைய டீசல் வான் என்றால் எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது. இந்தக் கார் நின்றால் நிற்கிறது, அதற்கு உயிர் இருக்கிறதா என்றே தெரியாது, அந்த மௌனத்துக்குள் அவருடைய நெஞ்சு பேசுகிறது, ஈரத்துணியை மெல்லக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், உள்ளிழுக்கும்போது மட்டும். இந்த மௌனத்துக்குத்தான் மூன்று வருடத்துக்கு முன் அவ்வளவு பணம் கொடுத்தார். பணம் மௌனத்துக்கு இல்லை, வேகத்துக்கு. நாலரை செக்கனில் நூறு என்று ஊரிலுள்ள அத்தனை தமிழ்ச் சனத்தையும் ஏற்றி ஓடிக் காட்டினார், பின் இருக்கையில் இருந்து அலறாத ஆள் இல்லை. பிறகு சீனிவியாதி கண்ணைத் தொட்டது, செப்டம்பரில் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த அன்று சாப்பிடவில்லை. என்னிடமும் ஒரு அனுமதிப்பத்திரம் இருந்தது, ஓடிய பழக்கம்தான் இல்லை.

நவம்பர் முழுக்க நான் அந்தக் காரின் கைநூலைப் படித்தேன். முந்நூற்று நாற்பது பக்கம், சமையலறை மேசையில், பென்சிலால் கோடு போட்டு, அகராதி வைத்து. அவர் ரிவியைப் பார்த்தபடி "சோதினையோ?" என்று கேட்பார். ஓம், சோதினைதான். பெற்றோல் காரில் மிதித்தால் எஞ்சின் யோசித்துத்தான் சக்கரத்துக்குச் சொல்லும், மின்சாரத்துக்கு யோசனை இல்லை, மிதித்த கணத்தில் முழுப் பலமும் சக்கரத்தில் போய் விழும், கீழே உறைபனி என்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், இந்தக் காரில் பின்சக்கரம்தான் தள்ளுவது, ஆகவே வால் விலகும். இன்னொன்று, மிதியிலிருந்து காலை எடுத்தால் கார் தானாகவே பிடித்து நிறுத்தப் பார்க்கும், அந்த ஓட்டத்தைத் திருப்பிப் பற்றறிக்கு அனுப்புமாம், உலர்ந்த றோட்டில் நல்ல விசயம், உறைபனியில் அது பின்சக்கரத்தை மட்டும் திடீரென்று இழுத்துப் பிடித்த மாதிரி. இரண்டையும் குறைக்கலாம். திரையில் ஒரு பக்கத்தில் 'வேகம்' என்றும் 'அமைதி' என்றும் இருக்கிறது, அமைதியைத் தொட்டேன். காலை எடுத்தால் பிடிக்கிறதை ஆகக் குறைந்த கோட்டில் விட்டேன். என் இருக்கை உயரம், என் கண்ணாடிச் சாய்வு, எல்லாவற்றையும் சேர்த்து என் பெயரில் சேமித்தேன், ஏற்கெனவே இருந்த 'குலம்' என்ற அவருடைய பெயருக்குக் கீழே 'லோசனி' என்று ஒன்று. மூடிக்கிடக்கிற தொழிற்சாலையின் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சறுக்கிப் பழகினேன். அறுபத்தொன்பது வயதில் ஒருத்தி வெறும் முற்றத்தில் வட்டம் வட்டமாகச் சறுக்குவதைக் கடற்பறவைகள் பார்த்துக்கொண்டிருந்தன. முதல்நாள் அவரை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனபோது சொன்னார், "குதிரையைப் பிடிச்சுக் கழுதையாக்கிப் போட்டீர்." கழுதைதான். கழுதை மலையேறும்.

பின்விளக்கில் பனி அப்பியிருக்கும் என்று இறங்கினேன். இந்தக் காலத்து விளக்குகள் சூடாவதில்லை, பனி கரையாது, பின்னால் வருகிறவனுக்கு நான் தெரியாமல் போனால் அவன் என் மேலே ஏறுவான். தூரிகையால் தட்டினேன், கையுறைக்குள் விரல் மரத்தது, பதினொரு மணி வெளிச்சம் நீலமாக இருந்தது, சூரியன் இன்னும் மலைக்கு மேல் வராத தை மாதம். திரும்பி வந்து ஏறினால் இருக்கை தூரமாக இருந்தது. ஏன் தூரம் என்று யோசிப்பதற்குள் கம்பம் எழும்பிவிட்டது, பனிவழிப்பானின் மஞ்சள் விளக்கு சுழலத் தொடங்கிவிட்டது, எனக்கு முன்னால் நின்ற மீன்லொறி அசைந்தது. இருக்கை நுனிக்கு வந்து மிதித்தேன். எப்போதும் மிதிக்கிற அளவுதான். கார் கத்திக்கொண்டு பின்பக்கத்தை வலப்பக்கம் வீசியது. ஒரு முழம்தான் வீசியிருக்கும். பிறேக். நின்றது. பின்னால் ஹோன். திரையைப் பார்த்தேன். மேலே 'குலம்' என்று இருந்தது.

"என்ன செய்தனீங்கள்?" என்றேன். அவர் முன்னால் பார்த்தபடி, "ஏத்தம்... உம்மடை கழுதை... ஏறாது," என்றார். "ஆர் தொடச் சொன்னது?" "நான் இந்த... மலையிலை... முப்பது வருசம்..." "கதையாதேங்கோ," என்றேன், "மூச்சை வீணாக்காதேங்கோ." செம்மஞ்சள் உடுப்புக்காரி நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது, நடக்கவில்லை, வேகமாக வருகிறாள், என்னை வரிசையை விட்டு ஒதுக்கத்தான் வருகிறாள், ஒதுக்கினால் அடுத்த வரிசை காற்று விட்டால் பின்னேரம், விடாவிட்டால் நாளை, நாளை என்பது ஆறாம் நாள். என் பெயரைத் தொட்டேன். இருக்கை என்னைச் சுமந்துகொண்டு முன்னால் ஊர்ந்தது, அவ்வளவு ஆறுதலாக, கோயில் தேர் மாதிரி, கண்ணாடிகள் இரண்டும் எனக்காகத் தலை குனிந்தன, பின்னால் ஹோன், ஹோன். அவள் கண்ணாடியில் தட்டினாள். இறக்கினேன். "சறுக்குகிறாய்," என்றாள். "கணவருடைய அமைப்பில் இருந்தது, மாற்றிவிட்டேன், இனிச் சறுக்காது," என்றேன். அவள் முகம் அசையவில்லை. "ஐந்து நாளாக டயலிசிஸ் இல்லை," என்றேன். அந்தச் சொல்லை நான் கத்தவில்லை. அவள் உள்ளே குனிந்து அவருடைய முகத்தை, வீங்கிய கையைப் பார்த்தாள், நிமிர்ந்து றேடியோவில் ஏதோ சொன்னாள், லொறி முன்னால் நின்றது, எனக்காக நின்றது. "அதன் விளக்கை விடாதே," என்றாள். விடவில்லை.

ஏற்றம். மிதியை மிதிப்பதில்லை, அதன் மேல் பாதத்தை ஓய்வாக வைக்கிறேன், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மெத்தையை மட்டும், பழுத்த பழத்தை நசியாமல் பார்ப்பது போல. சறுக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது அந்த வாக்கு பாதத்தில் இருக்கிறது. முப்பது, முப்பத்திரண்டு, முப்பது. பிடிப்புக்காக ரயரில் பதித்த ஆணிகள் உறைபனியைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது, கச்சான் கடலை கொறிப்பது போல ஒரே சீராக, அந்தச் சத்தம் இருக்கும் வரை பிடி இருக்கிறது, கண்ணுக்கு இங்கே வேலை இல்லை. கண்ணுக்குத் தெரிவது இரண்டு சிவப்புப் புள்ளி, அவற்றைச் சுற்றி வெள்ளை, றோட்டும் வானமும் ஒன்று, சில நேரம் நான் மேலே போகிறேனா நிற்கிறேனா என்றே தெரியவில்லை. காதால்தான் ஓடுகிறேன். வலது காதில் அவருடைய மூச்சு, காலுக்குக் கீழே ஆணிகள், இரண்டையும் எண்ணுகிறேன். எத்தனை தண்ணீர் வெளியே. இவ்வளவு தண்ணீரும் உறைந்து கிடக்க, இதற்கு நடுவே தாகத்தோடு ஒரு மனிதர், நாளுக்கு எழுநூறு மில்லிலீற்றர், அளந்த கோப்பை, தேத்தண்ணியும் அதற்குள், சோற்றிலுள்ள ஈரமும் அதற்குள். திங்கட்கிழமை காலையில் வாசல்படியில் நின்று கைப்பிடியில் இருந்த பனியை வழித்து வாயில் போட்டதைக் கண்டேன். குழந்தை மாதிரிப் போட்டார். கண்டும் காணாத மாதிரித் திரும்பி வந்தேன். ஏன் திரும்பி வந்தேன்? கோபித்திருக்க வேண்டும், வாய்க்குள் விரலை விட்டு எடுத்திருக்க வேண்டும், ஒரு பிடி பனியில் எத்தனை மில்லிலீற்றர் இருக்கும், இரண்டு தேக்கரண்டி இருக்குமா, அந்த இரண்டு தேக்கரண்டிதான் இப்போது நெஞ்சுக்குள் நின்று கிழிகிறதா. இல்லை. அப்படி எண்ணக்கூடாது. முப்பது. சிவப்புப் புள்ளி. முப்பது.

அவர் கையை மடியில் வைத்திருக்கிறார், இடது கை, எனக்குப் பக்கத்துக் கை. அதில்தான் இரண்டு இரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள், மெஷினின் ஊசி ஏற. தோலுக்குக் கீழே கயிறு மாதிரி முறுக்கி நிற்கும், தொட்டால் உள்ளே ரீங்காரம் செய்யும், இரத்தம் அவ்வளவு வேகமாக ஓடுகிறதாம் அதில். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஒருவரும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. நாற்பத்து மூன்று வருடம் கட்டியிருந்து அந்தக் கையைப் பிடித்து நடந்தது எத்தனை முறை என்று யோசித்தால் கொஞ்சம்தான் வருகிறது, அவர் எப்போதும் நாலடி முன்னால் நடக்கிறவர். பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் பிடிக்க ஆசை வந்தது. இரவில் அவர் கதிரையில் தூங்கும்போது இரண்டு விரலை மட்டும் அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். பூனை உறுமுகிற மாதிரி. இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லும். லொறி சிறுத்தது. சிவப்புப் புள்ளிகள் விலகிப் போகின்றன, ஐயோ, நான் எண்ணத்தில் பின்தங்கிவிட்டேன், பாதத்தை ஒரு நூல் கீழே இறக்கினேன், கார் அவசரப்படவில்லை, ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் எடுத்து மெல்லக் கூடியது, முப்பத்தைந்து, புள்ளிகள் திரும்பப் பெருத்தன.

உச்சி எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை, இருக்கையின் சாய்வில் தெரிந்தது, முதுகு இலேசானது, உடம்பு முன்னால் வந்தது. இறக்கம். இதைத்தான் இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஆணிகளின் சத்தம் மாறியது, கடலை கொறிப்பது நின்று கண்ணாடியில் நகம் கீறுவது போல ஒன்று, காற்று இங்கே பனியைத் துடைத்துவிட்டு வெறும் உறைபனியை விட்டு வைத்திருக்கிறது, பளிங்கு. லொறியின் விளக்கு பிரகாசமானது, அவன் பிறேக் பிடிக்கிறான். வளைவு. "கூட்டும்," என்றார் அவர், கண் முழுக்கத் திறந்திருந்தது, "பிடிக்கிறதைக் கூட்டும்... இறக்கத்திலை... கியர் குறைக்க வேணும்." இதிலே கியர் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய உடம்புக்குத் தெரியாது, அது இன்னும் டீசல் வானை இரண்டாம் கியரில் இந்த வளைவில் இறக்கிக்கொண்டிருக்கிறது, அவருடைய வலது கால் தரையை மிதிப்பதைக் கடைக்கண்ணால் கண்டேன். முப்பது வருடம் அது சரியான அறிவு. அந்த அறிவால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். இந்தக் காரில் பிடிக்கிறதைக் கூட்டினால் பின்சக்கரம் மட்டும் பிடிக்கும், முன்பாதி போய்க்கொண்டே இருக்கும், பின்பாதி சுற்றும், வளைவுக்கு அந்தப் பக்கம் கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. "இல்லை," என்றேன். "லோசனி." "இல்லையப்பா." அவருடைய கை மடியிலிருந்து எழும்பித் திரையை நோக்கி வந்தது. தட்டிவிட முடியாது, பிடித்து இறுக்க முடியாது, அந்தக் கை. ஸ்ரியரிங்கிலிருந்து வலது கையை எடுத்தேன், எடுத்து அவருடைய கையின் மேல் வைத்தேன், பாரம் இல்லாமல், பூனை உறுமியது, என் இடது கை மட்டும் ஸ்ரியரிங்கில், மற்றக் காலால் அல்ல, அதே காலால் பிறேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன், நாலு சக்கரமும் ஒன்றாகக் கேட்கும்படி, தொட்டு, விட்டு, தொட்டு, விட்டு. "கையை மடியிலை வையுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அதில் கெஞ்சல் இல்லை. நாற்பத்து மூன்று வருடத்தில் நான் அவரிடம் கேட்ட எல்லாவற்றிலும் ஒரு கெஞ்சல் இருந்திருக்கிறது, சம்பளத்தில் ஒரு புத்தகம் வாங்கட்டுமா என்று கேட்டதில்கூட. கார் வளைவைச் சுற்றி வந்தது. கை மடிக்குப் போனது.

அதன் பிறகு அவர் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபம் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. கீழ்த் தடுப்புக்கம்பம் வந்தது, பனிவழிப்பான் ஒதுங்கி நின்றது, வரிசை கலைந்தது, மீன்லொறி ஒரு ஹோன் அடித்துவிட்டுப் போனது, பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் பறந்தார்கள். எழுபத்தொரு வீதம். பன்னிரண்டு ஐந்து. இன்னும் நாற்பது கிலோமீற்றர், கடலோரமாக, ஒரு மணிக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள், நாலு மணித்தியாலம் ஓடும். றோட்டில் மணல் தூவியிருந்தது, சில இடத்தில், சில இடத்தில் இல்லை. "பாருங்கோ, கடல் தெரியுது," என்றேன். பதில் இல்லை. "இஞ்சேருங்கோ." பதில் இல்லை. காதைக் கொடுத்தேன். ஆணிகள். காற்று. துணி கிழிகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது, பாலம் வருகிறது, பாலங்கள்தான் முதலில் உறையும், கைநூலில் கோடு போட்ட வரி, பார்வையை எடுக்க முடியாது. "இஞ்சேருங்கோ!" ஒன்றும் இல்லை. அப்போது என் கால் மிதித்தது. நான் மிதிக்கவில்லை, பயம் மிதித்தது, முழுப் பாதத்தாலும், அடிவரைக்கும், நாற்பது கிலோமீற்றரையும் ஒரே மிதியில் விழுங்கிவிடுகிற மாதிரி. கார் பாயவில்லை. கார் அதைக் கேட்டது, கேட்டுவிட்டு யோசித்தது, பிறகு கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். என் பயம் முழுவதும் உள்ளே போனது, வெளியே வந்தது ஒரு சிறங்கை வேகம். நவம்பரில் மேசையில் இருந்து பென்சில் பிடித்த ஒருத்தி, இன்றைக்கு இப்படி மிதிப்பாள் என்று தெரிந்து எனக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தன் கையை வைத்திருக்கிறாள். வாலில் ஒரு சிறு நடுக்கம். அவ்வளவுதான். பாலம் கீழே போனது, ஆணிகள் நகம் கீறின, மறுபடி கடலை கொறித்தன, காலைப் பாதியாக எடுத்தேன், ஐம்பத்தைந்தில் நிறுத்தினேன். வலது கையை நீட்டி அவருடைய கையைத் தொட்டேன். உறுமியது. இருக்கிறது. மயக்கம், அல்லது நித்திரை, மூன்று இரவு நித்திரை இல்லாத மனிதர். எது என்று தெரியாது. எதுவானாலும் எழுப்பி வைக்க வேண்டும், டொக்டர் சொன்னார், பேசவைத்துக்கொண்டே வா என்று.

எதைப் பேச. வாஞ்சையாகப் பேசினால் இந்த மனிதர் எழும்பமாட்டார், பழக்கம் இல்லை. யோசித்தேன். பிறகு வேண்டுமென்றே உரத்த குரலில் சொன்னேன், "இந்த இடத்திலைதானே நீங்கள் வானைப் பள்ளத்துக்கை விட்டனீங்கள்?" ஒன்றும் இல்லை. "தொண்ணூற்றெட்டிலை. சிவநாயகத்தின்ரை கலியாணவீட்டுக்குப் போகேக்கை. நான் புதுச்சீலையோடை பனிக்குள்ளை நிண்டனான். வானைப் பள்ளத்துக்குள்ளை விட்டிட்டு, சும்மா நிப்பாட்டினது எண்டு சொன்னனீங்கள்." துணி கிழிந்தது. ஒரு கிழி, இரண்டு கிழி. என் கண் கலங்கியது, கலங்கக்கூடாது, றோட்டு. "அது..." என்றார். "என்ன அது?" "அது... பள்ளமில்லை." "பிறகு?" "கான்." "தண்ணி ஓடுற கானோ? ட்ரக்டர் வந்து இழுத்ததெல்லே?" "ட்ரக்டர்... தானா... வந்தது. நான்... கூப்பிடேல்லை." "ஓ, ட்ரக்டர் கலியாணவீட்டுக்குப் போற வழியாக்கும்." அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாகியது, இருமல் நீண்டது, இருமட்டும், இருமுகிறவர் இருக்கிறார். ஐம்பத்தைந்து. பாதம் பாதத்தின் இடத்தில். "இடது சில்லு மட்டும்... இறங்கினது," என்றார். "ரெண்டும்." "இடது." "எனக்குக் கண் இருந்தது, ரெண்டும்." "உமக்கு... சீலையிலைதான்... கண்." அவர் கிழித்துக் கிழித்துப் பேசினார், நான் விட்டுவிட்டுக் கிண்டினேன், மீன் கருவாடு தொங்கும் மரச்சட்டங்கள் போயின, ஒரு பெற்றோல் நிலையம் போனது, ஒரு தேவாலயம், மூடிய பள்ளிக்கூடம், ஒருமுறை நீண்ட நேரம் பதில் வரவில்லை, என் கால் மறுபடி துடித்தது, நான் விடவில்லை, "பயந்துதானே பிறகு ஒரு மாதம் வானைத் தொடேல்லை," என்றேன், "ஆர்... பயந்தது?" என்று வந்தது. ஊர் வந்தது. முதல் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கார் வழுக்காமல், ஒரு இறகைப் போல வந்து நின்றது. அதை நான் ரசித்தேன். அந்த நேரத்திலும் ரசித்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி வாசல். இங்கெர் என்ற நேர்ஸ் சக்கரநாற்காலியோடு வெளியிலேயே நின்றாள், சப்பாத்துகூட மாற்றாமல் உள்ளே போடுகிற செருப்போடு பனியில். கதவைத் திறந்து அவருடைய முகத்தை ஒரு பார்வை, நகத்தை ஒரு பார்வை, பிறகு என்னோடு ஒரு சொல்லும் இல்லை, இன்னொருத்தியைக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் அவரைத் தூக்கி இருத்தினார்கள், ஒக்சிசன் முகமூடியை மூக்கருகே கொண்டு வந்தார்கள். அவர் கையால் அதை விலக்கினார். என்ன, என்ன வேண்டும் என்று இங்கெர் குனிந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத் தேடினார், அந்தக் குறைந்த கண்ணால் கார்க் கண்ணாடிக்குள் என்னைக் கண்டுபிடித்தார். "இடது... மட்டும்," என்றார். இங்கெர் என்னைப் பார்த்தாள், இடது பக்கம் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, தொண்ணூற்றெட்டாம் ஆண்டுச் சண்டை என்றேன். அவள் முகமூடியை வைத்து இழுத்துக் கட்டினாள், நாற்காலி திரும்பியது, தானியங்கிக் கதவு இரண்டு பக்கமும் விலகியது. கண்ணாடியை முழுக்க இறக்கினேன், காற்று வரட்டும். உள்ளே போகிறவருடைய பின்னந்தலைக்குக் கேட்கும்படி கத்தினேன்:

"ரெண்டு சில்லும்தான்! அஞ்சு மணிக்கு வாறன், மிச்சத்தைக் கதைப்பம்!"